அந்நியமும் அயலும்: ஒரு செருமானியச் சொல்லும் சேலத்துக் கூத்தும்

இலக்கியத் திறனாய்வில் வழங்கும் கலைச்சொற்களுக்கும் மனிதர்களைப் போலவே பிறந்த ஊரும் வழிநடையும் உண்டு. ஒரு மொழியில் தோன்றிய சொல் மற்றொரு மொழியின் வழியாக மூன்றாவது மொழிக்கு வந்து சேரும்போது, இடைவழியில் ஏற்றிக்கொண்ட பொருளையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அச்சொல்லைக் கையாள்வோர் அதன் பிறப்பிடம்வரை சென்று பார்த்தாலன்றி, எது அதன் இயற்பொருள், எது வழியில் ஒட்டிக்கொண்டது என்று பிரித்தறிய இயலாது. தமிழ் நாடகத் திறனாய்விலும் அதன் வழியே கவிதைத் திறனாய்விலும் வழங்கிவரும் 'அந்நியமாதல்' என்னும் சொல் இவ்வாறு ஆராயத்தக்க ஒன்றாகும்.

இச்சொல் தமிழில் இருவேறு பணிகளைச் செய்துவருகிறது. தொழிலாளி தன் உழைப்பின் பயனிலிருந்தும், தன்னிலிருந்தும், சக மனிதரிடமிருந்தும் பிரிக்கப்பட்டு நிற்கும் அவலநிலையைக் குறிக்க மார்க்சியர் இதனை ஆளுகின்றனர். பெர்டோல்ட் பிரெக்ட் என்னும் செருமானிய நாடகாசிரியர் வகுத்த ஒரு மேடை உத்தியைக் குறிக்கவும் இதே சொல் ஆளப்படுகிறது. முன்னது நீக்கப்பட வேண்டிய நோய். பின்னது அந்நோயை நீக்கும் பொருட்டு அவர் கண்ட மருந்து. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்ட இந்த விந்தை எவ்வாறு நேர்ந்தது? இதனால் தமிழுக்கு, குறிப்பாகச் சேலம், நாமக்கல் சமவெளியில் இன்றும் விடிய விடிய ஆடப்பெறும் கூத்துக்கு நேர்ந்த இழப்பு யாது? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

சொல்லின் வேர்

செருமானியத்தில் 'ஃப்ரெம்ட்' என்பது அயன்மையைக் குறிக்கும் உரிச்சொல். 'அப்பால், விலகி' என்னும் பொருள் தரும் பழைய செருமானியக் கிளைமொழி வேரிலிருந்து அது தோன்றியது. ஆங்கிலத்தில் 'இலிருந்து' என்னும் பொருளில் வழங்கும் 'ஃப்ரம்' என்னும் சொல்லும் அவ்வேரைச் சேர்ந்ததே. இவ்வுரிச்சொல்லின் முன் இருவேறு முன்னொட்டுகள் சேர்ந்து இருவேறு சொற்கள் பிறந்தன. 'எண்ட்' என்னும் முன்னொட்டு பிரிவையும் இழப்பையும் உணர்த்தும். அது சேர்ந்து அமைந்த 'எண்ட்ஃப்ரெம்டுங்' என்பது ஒருவர் தமக்குரியதிலிருந்து பிரிந்துபோதலைக் குறிக்கும். 'ஃபெர்' என்னும் முன்னொட்டு ஒரு பொருளை வேறொரு நிலைக்கு மாற்றும் செயலை உணர்த்தவல்லது. அது சேர்ந்து அமைந்த 'ஃபெர்ஃப்ரெம்டுங்' என்பது பழகிய ஒன்றைப் பழகாததாகத் தோன்றச் செய்தலைக் குறிக்கும். முன்னது ஒருவருக்கு நேர்வது. பின்னது ஒருவர் வேண்டுமென்றே செய்வது. இவ்வேறுபாடு செருமானியம் அறிந்தவர்க்குச் சொல்லின் முதலசையிலேயே தெரிந்துவிடும்.

முதற்சொல்லுக்கு மெய்யியலில் நெடிய வரலாறு உண்டு. எகல் 1807இல் வெளியிட்ட 'மனத்தின் நிகழ்வியல்' என்னும் நூலில் அது முதன்மையான இடம் பெற்றது. அவரிடமிருந்து அதனை எடுத்துக்கொண்ட இளைஞர் காரல் மார்க்சு, 1844இல் பாரிசு நகரில் எழுதிய கையேடுகளில் அதனைத் தொழிலாளியின் நிலைக்குப் பொருத்தினார். அக்கையேடுகள் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1932இல்தான் அவை முழுமையாக வெளிவந்தன. அவர் எழுதி எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து வெளிவந்த அந்நூல், அச்சொல்லை ஐரோப்பிய அறிவுலகின் நடுவிடத்திற்குக் கொண்டுவந்தது.

இரண்டாவது சொல்லின் கருத்துக்கும் முன்னோடிகள் உண்டு. பழகியது என்னும் காரணத்தாலேயே ஒன்று அறியப்படாமல் போகிறது என்னும் கருத்தை எகல் அதே நூலின் முன்னுரையில் கூறியுள்ளார். அவருக்குச் சற்று முன்பு வாழ்ந்த கவிஞர் நோவாலிசு, ஒரு பொருளை அயலானதாகவும் அதே வேளையில் அறிந்ததாகவும் ஈர்ப்புடையதாகவும் ஆக்குவதே கற்பனைக் கவிதையின் கலை என்னும் பொருள்பட எழுதிவைத்தார். ஆயினும் இக்கருத்துக்கென்று ஒரு தனிப்பெயர் அக்காலத்தில் நிலைபெறவில்லை. அதற்கு ஒரு நாடகாசிரியர் தேவைப்பட்டார்.

மாசுகோவில் ஒரு மாலை

பிரெக்ட் 1898இல் ஆகுசுபர்க் நகரில் பிறந்தவர். 1928இல் மேடையேறிய 'மூன்று காசு இசைநாடகம்' அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. பார்வையாளர் நாடகக் கதையில் தம்மை மறந்து கரைந்துபோவதை அவர் ஏற்கவில்லை. கரைந்துபோனவர் சிந்திக்க மாட்டார். மேடையில் நிகழும் கொடுமையை விதி என்று ஏற்று அழுதுவிட்டு வீடு திரும்புவார் என்பது அவருடைய கவலை. எனவே கதையை எடுத்துரைக்கும் முறையில் அமைந்த 'காவிய நாடகம்' என்னும் கொள்கையை அவர் வளர்த்தார். 1933இல் இட்லர் ஆட்சியைக் கைப்பற்றியதும் நாட்டை விட்டு வெளியேறினார்.

அயல்நாட்டில் அலைந்துகொண்டிருந்த காலத்தில், 1935ஆம் ஆண்டு இளவேனிலில் அவர் மாசுகோ சென்றார். அப்போது அங்கு வந்திருந்த சீன நடிகர் மெய் லான்பாங் தம் கலையை நிகழ்த்திக் காட்டினார். பெண் வேடத்தில் பெயர் பெற்ற அவர், ஒப்பனையும் தனி ஒளியும் இன்றி, ஐரோப்பிய விருந்துடையில் நின்றபடியே ஒரு பெண்ணின் அசைவுகளை நடித்துக் காட்டினார். நடிகர் ஒருவர், அவர் காட்டும் பெண் ஒருத்தி என இருவர் அங்கே தோன்றினர். ஒருவர் மற்றவரை மறைக்கவில்லை. சீன நடிகர் தம் கையையும் காலையும் தாமே நோக்குவதையும், தாம் பார்க்கப்படுகிறோம் என்னும் உணர்வை ஒளிக்காததையும் பிரெக்ட் வியந்து குறித்தார்.

அதற்கு முன்பே, 1917இல், உருசியத் திறனாய்வாளர் விக்டர் சுக்லோவ்சுகி 'கலை ஓர் உத்தி' என்னும் கட்டுரையில் 'ஒசுத்ரனேனியே' என்னும் புதுச்சொல்லை ஆக்கியிருந்தார். பழக்கத்தால் மங்கிப்போன பொருளை முதன்முறை காண்பதுபோலக் காணச் செய்வதே கலையின் தொழில் என்பது அவர் கருத்து. உருசிய இலக்கணப்படி இரண்டு நகரங்கள் வரவேண்டிய அச்சொல்லில் ஒன்றை விட்டு எழுதிவிட்டதாக அவரே முதுமையில் கூறினார். எழுத்துப் பிழையோடு பிறந்து, அப்பிழையோடே உலகெங்கும் பரவிய சொல் அது. மாசுகோ நண்பர் செர்கேய் திரெத்தியாக்கோவ் வாயிலாகப் பிரெக்ட் அதனை அறிந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். வேறு சிலர் மறுப்பர்.

எவ்வாறாயினும், மாசுகோவிலிருந்து திரும்பிய பின் எழுதிய சீன நடிப்புக் கலை பற்றிய கட்டுரையில் 'ஃபெர்ஃப்ரெம்டுங்' என்னும் சொல்லைப் பிரெக்ட் கலைச்சொல்லாக ஆண்டார். அக்காலத்துக் குறிப்புகள் சிலவற்றில் அவரே இதே பொருளுக்கு 'எண்ட்ஃப்ரெம்டுங்' என்னும் மார்க்சின் சொல்லை எழுதியிருப்பது நோக்கத்தக்கது. முதலில் ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தவர், விரைவில் அது பொருந்தாமையை உணர்ந்து முன்னொட்டை மாற்றினார். செருமானியத்தில் ஆசிரியரே திருத்திக்கொண்ட அதே குழப்பம் தமிழில் இன்றும் திருத்தப்படாமல் நிற்கிறது.

அச்சொல்லுக்கு அவர் தந்த விளக்கம் எளிமையானது. ஒரு நிகழ்ச்சியிலிருந்தோ பாத்திரத்திலிருந்தோ இயல்பானது, தெரிந்தது, வெளிப்படையானது என்னும் தன்மையை நீக்கி, அதன்மீது வியப்பையும் அறியும் ஆவலையும் தோற்றுவித்தலே அது என்று 1939இல் சுடாக்கோமில் ஆற்றிய உரையில் அவர் கூறினார். ஊசலாடும் விளக்கைக் கலிலியோ பார்த்த பார்வையை அவர் பின்னர் எடுத்துக்காட்டினார். எல்லாரும் நாள்தோறும் கண்ட விளக்குதான். அவர் ஒருவரே அது ஆடுவதைக் கண்டு வியந்தார். வியந்தமையால் அதன் விதியைத் தேடினார்.

மற்றோர் எடுத்துக்காட்டு தெருவிலிருந்து வந்தது. தெருமுனையில் நேர்ந்த விபத்தைக் கண்ட ஒருவர், கூடியவர்களுக்கு அதனை நடித்துக் காட்டுகிறார். ஓட்டுநர் வண்டியை எப்படித் திருப்பினார், அடிபட்டவர் எப்படி நடந்து வந்தார் என்று இருவரையும் மாறி மாறிக் காட்டுகிறார். அவர் ஓட்டுநராக மாறிவிடுவதில்லை. மாறவேண்டிய தேவையும் இல்லை. யார் மீது தவறு என்று கூடியவர்கள் முடிவு செய்வதற்குப் போதுமான அளவு காட்டினால் போதும். இத்தெருக் காட்சியே தம் நாடகத்தின் அடிப்படை வடிவம் என்றார் பிரெக்ட். சேலம் கடைவீதியிலோ நாமக்கல் கோட்டைச் சாலையிலோ நாள்தோறும் காணத்தக்க காட்சிதான் இது.

இடைவழியில் நேர்ந்தது

சீன நடிப்பைப் பற்றிய அக்கட்டுரை முதலில் அச்சேறியது செருமானியத்தில் அன்று. 1936ஆம் ஆண்டு இலண்டன் இதழொன்றில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே அது வெளிவந்தது. செருமானிய மூலம், ஆசிரியர் 1956இல் மறைந்த பின்னரே நூலில் இடம்பெற்றது. அம்முதல் மொழிபெயர்ப்பில் இக்கலைச்சொல், மாயையிலிருந்து தெளிவித்தல் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லால் பெயர்க்கப்பட்டது. அது நிலைக்கவில்லை. சான் வில்லட் 1964இல் தொகுத்து மொழிபெயர்த்த 'நாடகம் குறித்துப் பிரெக்ட்' என்னும் நூலே ஆங்கிலம் பயின்ற உலகுக்கு அவரை அறிமுகப்படுத்திற்று. அந்நூல் 'ஏலியனேசன்' என்னும் சொல்லை நிலைநாட்டியது. மார்க்சின் சொல்லுக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். செருமானியர் ஓர் அசையால் பிரித்துவைத்த இரண்டும் ஆங்கிலத்தில் ஒன்றாயின.

பிரெஞ்சு மொழியினர் தொலைவில் நிறுத்துதல் என்னும் பொருளில் வேறொரு சொல்லை ஆக்கிக்கொண்டனர். இத்தாலியர் விந்தையாக்கல் என்னும் பொருள்பட ஒரு சொல்லைத் தேர்ந்தனர். ஆங்கிலத்திலும் பின்வந்த அறிஞர் பலர் பழைய சொல்லைக் கைவிட்டனர். அமெரிக்கத் திறனாய்வாளர் பிரெடரிக் சேம்சன் 1998இல் எழுதிய பிரெக்ட் பற்றிய நூலில் அயலாக்குதல் என்னும் பொருளுடைய வேறு சொல்லையே ஆண்டார்.

தமிழர் பிரெக்டைப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே கற்றனர். ஈழத்தில் 1970களின் இறுதியில் அவருடைய 'விதிவிலக்கும் விதியும்' என்னும் நாடகம் 'யுகதர்மம்' என்னும் பெயரில் யாழ்ப்பாணத்து அவைக்காற்று கலைக் கழகத்தாரால் மேடையேற்றப்பட்டது. தமிழகத்திலும் அதே காலத்தில் சிற்றிதழ்களின் வழியாக அவர் அறிமுகமானார். மார்க்சின் கருத்தை விளக்கி எசு.வி. ராசதுரை எழுதிய நூலுக்கு 'அந்நியமாதல்' என்றே பெயர். அந்நூலில் அச்சொல் மிகப் பொருத்தமாகவே ஆளப்பட்டது. குறை அங்கு இல்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்ததால் நாடக உத்திக்கும் அதனையே எடுத்து ஆண்டதில்தான் குறை நேர்ந்தது. தூரப்படுத்தல், தொலைப்படுத்தல் முதலான சொற்களும் இடையிடையே வழங்கின. எனினும் வகுப்பறைகளில் வேரூன்றியது அந்நியமாதலே.

இதன் விளைவு எளிதன்று. 'அந்நியம்' என்பதற்குத் தமிழர் செவியில் உறவின்மை என்பதே முதற்பொருள். அந்நியத் துணி, அந்நிய ஆட்சி என்னும் தொடர்கள் விடுதலைப் போராட்டக் காலத்தில் அச்சொல்லுக்குப் பகைமையின் சாயலையும் ஏற்றிவைத்தன. எனவே பார்வையாளரை நாடகத்திலிருந்து துரத்துவதே பிரெக்டின் நோக்கம் என்று மாணவர் எண்ணத் தலைப்பட்டனர். வறண்ட நாடகமும் புரியாத கவிதையும் 'அந்நியமாதல் உத்தி' என்னும் பெயரால் பாராட்டப் பெற்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, இது முற்றிலும் மேலைநாட்டுச் சரக்கு என்னும் எண்ணம் உறுதிப்பட்டது. பெயரிலேயே அந்நியம் இருக்கும் ஒன்றை ஊர்ப் பொதுவிடத்தில் தேட எவருக்குத் தோன்றும்?

சமவெளியின் கூத்து

1997ஆம் ஆண்டு நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஒரே மாவட்டமாக இருந்த இச்சமவெளி, கூத்துக்குப் பெயர்போன நிலம். மாரியம்மன், திரௌபதியம்மன் திருவிழாக்களில் பாரதக் கதைகளும் இராமாயணக் கதைகளும் இரவு முழுதும் ஆடப்பெறும்.

கூத்தில் ஒரு பாத்திரம் வரும் முறையைக் கருதிப் பார்த்தல் வேண்டும். இருவர் திரை பிடிக்கின்றனர். திரைக்குப் பின்னிருந்து விருத்தம் எழுகிறது. திரை விலகியதும் வேடதாரி தம் வருகையைத் தாமே பாடுகிறார். துரியோதனனாக வருபவர் 'நான் வந்தேன்' என்று தொடங்காமல், துரியோதன மன்னர் வருகிறார் என்று படர்க்கையிலேயே தம்மைப் பாடிக்கொள்வது மரபு. அடுத்துக் கட்டியக்காரர் குறுக்கிட்டு, வந்தவர் யார், எந்த நாடு, என்ன பெயர் என்று வினவுகிறார். அத்தினாபுரத்து அரசனிடம் உள்ளூர்ப் பேச்சில் வினா எழுகிறது. அரசன் விடை கூறக் கடமைப்பட்டவனாகிறான். கூட்டம் சிரிக்கிறது. அச்சிரிப்பில் அரசனின் முடி ஒருகணம் மரக்கட்டையாகத் தெரிகிறது. மறுகணம் பாட்டெழுந்ததும் மீண்டும் முடியாகிறது.

கட்டியக்காரர் சில வேளை அரசனுக்கு ஏவலர். சில வேளை ஊராரின் வாய். பாரதப் போரைப் பற்றிப் பேசிக்கொண்டே, வராத மழையையும் ஏறிய விலையையும் இழுத்து வருவார். கதை நிகழும் காலமும் கதை காணும் காலமும் அவர் பேச்சில் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசன் செய்தது முறையா என்னும் வினாவை எழுப்பும் உரிமை அவருக்கு உண்டு. விபத்தைக் கண்ட சாட்சி தெருமுனையில் செய்வதைக் கூத்தர் செய்கின்றனர் எனலாம். இக்கலைக்குத் தெருக்கூத்து என்றே பெயர் அமைந்திருப்பது, பிரெக்டின் தெருக் காட்சியோடு வைத்து எண்ணத்தக்கது.

கூத்தரின் பேச்சு வழக்கே இக்கொள்கையை உள்ளடக்கியிருக்கிறது. 'கர்ணனாக நடித்தார்' என்று அவர்கள் கூறுவதில்லை. 'கர்ணன் வேசம் கட்டினார்' என்பர். கட்டப்படுவது கழற்றத்தக்கது. ஆண்மகன் பாஞ்சாலி வேடம் கட்டுகிறார். அவர் இன்ன ஊரினர், இன்னார் மகன் என்பதைப் பார்ப்போர் அறிவர். அறிந்தே அவிழ்ந்த கூந்தலைக் கண்டு கலங்குகின்றனர். மெய் லான்பாங்கிடம் பிரெக்ட் கண்டு வியந்ததை இச்சமவெளியின் உழவரும் நெசவாளரும் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்துள்ளனர்.

ஆயினும் உண்மையை முழுதாகக் கூறுதல் வேண்டும். கூத்தில் வேடம் மட்டும் இல்லை; ஆவேசமும் உண்டு. திரௌபதி துகிலுரியப்படும் கட்டத்திலும் துரியோதனன் வீழும் படுகளத்திலும் வேடம் கட்டியவரோ கூட்டத்தில் ஒருவரோ அருள் வந்து ஆடுதல் நிகழும். 'வேடம்' என்னும் சொல்லின் வடமொழி மூலமும் 'ஆவேசம்' என்னும் சொல்லின் மூலமும் வெவ்வேறு. முன்னது புனைந்துகொள்வதைக் குறிக்கும். பின்னது உட்புகுவதைக் குறிக்கும். ஒலியால் நெருங்கிய இவ்விரண்டும் ஒரே இரவில், ஒரே களத்தில் நிகழ்கின்றன. பிரெக்ட் சீன நடிகரிடம் கண்டதும் ஒருபாதியே என்று பின்வந்தோர் கூறுவர். ஆகவே கூத்தைப் பிரெக்டின் முன்னோடி என்று கூறிப் பெருமிதம் கொள்வது, கூத்தின் மறுபாதியை மறைப்பதாகும்.

பிரெக்டின் மேடையிலும் மறுபாதி தலைகாட்டாமல் இல்லை. அவருடைய 'அன்னை கரேஜ்' 1941இல் சூரிக் நகரில் முதலில் அரங்கேறியது. போரில் வணிகம் செய்து தன் மக்களையே இழக்கும் அத்தாயைக் கண்டு பார்வையாளர் அழுதனர். அவளிடமிருந்து அவர்கள் கற்கவேண்டும் என்று கருதிய ஆசிரியர் சில காட்சிகளைத் திருத்தி எழுதி 1949இல் பெர்லினில் மேடையேற்றினார். அங்கும் அழுதனர். விலகி நின்று காண்பதும் உருகி அழுவதும் ஒன்றையொன்று துரத்துவன அல்ல என்பதைச் சேலத்துக் கட்டியக்காரர் அறிவார். அழுகை முதிரும் இடத்தில் அவர் சிரிப்பைக் கொண்டுவருகிறார். சிரித்து ஓய்ந்தவர்களைக் கூத்து மீண்டும் அழச் செய்கிறது.

கண்டவரும் காணாதவரும்

பிரெக்ட் மாசுகோவில் சீன நடிப்பைக் கண்ட அதே 1930களில், சேலத்தில் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்சு என்னும் படப்பிடிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். உண்மைபோல் தோன்றச் செய்வதே கலை என்னும் எண்ணம் இங்கே வேர்கொண்ட காலம் அது. திரைப்படம் தந்த இன்பமும் புகழும் சிறியவை அல்ல. ஆனால் அதன் அளவுகோலால் அளந்தபோது, கூத்து நாகரிகமற்ற பாமரர் கலையாகத் தோன்றியது. அரசனை நிறுத்திப் பெயர் கேட்கும் கட்டியக்காரர் கதையோட்டத்தைக் கெடுப்பவராகக் கருதப்பட்டார். ஐரோப்பாவின் நாடகாசிரியர் ஒருவர் கீழை நாட்டு மேடையில் தேடிக் கண்டெடுத்த பண்பை, அப்பண்பைத் தம் ஊரிலேயே உடையவர் குறை என்று ஒதுக்கிய காலமும் அதுவே.

மறுபார்வைக்கான வித்தும் இச்சமவெளியில் விழுந்தது. 1968இல் தொடங்கிச் சேலத்திலிருந்து வெளிவந்த 'நடை' என்னும் சிற்றிதழ், சி. மணி முதலான புதுக்கவிஞர்களுக்குக் களமாக அமைந்தது. ந. முத்துசாமியின் தொடக்கக்கால நாடக எழுத்துக்கும் அது இடமளித்தது. அவரே பின்னர் புரிசைக் கூத்தைக் கண்டு, தமிழ் நாடகத்தின் வேர் அங்கிருப்பதை உணர்ந்து எழுதினார். 1977இல் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்தார். புதுக்கவிதை, புதுநாடகம், கூத்து ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கண்டுகொண்ட அவ்வழியில் சேலத்துச் சிற்றிதழுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இவ்வூர்க் கவிஞர்கள் நினைவிற் கொள்ளலாம்.

மருட்கையும் அயலும்

இனிப் பெயருக்கு வருதல் வேண்டும். பிரெக்டின் விளக்கத்தில் நடுவாக நிற்பது வியப்பு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கை என்பது வியப்பே. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்கண் அது தோன்றும் என்பது அவர் வகுத்த இலக்கணம். ஒன்று திரிந்து வேறொன்றாதலை ஆக்கம் என்பர் உரையாளர். உழவர் அரசராகும் கூத்துக்களத்தில் இந்நான்கையும் காணலாம். மெய்ப்பாட்டின் நுட்பம் இருக்குமிடத்தில் செருமானியச் சொல்லின் கருத்து நமக்கு முற்றிலும் புதியதன்று.

எனினும் இரண்டும் ஒன்றென்று கூறிவிடுதலும் பொருந்தாது. தொல்காப்பியரின் மருட்கை வியப்போடு நிறைவுறும். பிரெக்டின் வியப்போ, 'இஃது இவ்வாறே இருக்க வேண்டுமா, வேறுவகையாகவும் இருக்கக் கூடாதா?' என்னும் வினாவாக முதிர வேண்டும். வறுமையையும் போரையும் இயற்கை என்று எண்ணிப் பழகியவர், அவை மனிதர் ஆக்கியவை என்று உணர்வதே அவர் வேண்டிய பயன். மேலும் மருட்கை என்னும் சொல் இன்று மருட்சி என்னும் அச்சப் பொருளை நோக்கி நகர்ந்துவிட்டது. ஆகவே அதனையே கலைச்சொல்லாக்க இயலாது.

தமிழில் இதற்கு ஏற்ற வேர்ச்சொல் ஒன்று உண்டு. அஃது 'அயல்' என்பது. அந்நியம் என்பது பிறிது என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. அதில் அண்மைப் பொருள் இல்லை. அயலோ, பிறிதையும் பக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். அயலார் எனின் நம்மவர் அல்லாதவரும் ஆவர். அடுத்த வீட்டாரும் ஆவர். அகப்பாடல்களில் வரும் அயலிலாட்டி பக்கத்து மனைக்குரியவள். தலைவியின் குடும்பத்தைச் சேர்ந்தவள் அல்லள். ஆயினும் அவ்வீட்டில் நிகழ்வதைக் காணும் தொலைவில் இருப்பவள். இச்சமவெளியின் பேச்சில் அச்சொல் 'அசல்' என்று திரிந்து, அசலூர், அசலூட்டுக்காரர் என இன்றும் வழங்குகிறது. அசலூட்டுக்காரர் பகைவர் அல்லர். நம் வீட்டுச் சண்டையை நம்மைவிடத் தெளிவாகக் காண்பவர்.

'ஃபெர்ஃப்ரெம்டுங்' என்பதற்கு 'அயலாக்கல்' என்னும் சொல் இவ்வகையில் பொருந்தும். நடிகர் பாத்திரத்தைத் துரத்துவதில்லை. அதற்கு அயலில் நிற்கிறார். பார்வையாளரும் கதையிலிருந்து வெளியேற்றப்படுவதில்லை, அயல்மனையில் அமர்த்தப்படுகிறார். வேடம் கட்டுபவரும், படர்க்கையில் தம்மைப் பாடிக்கொள்பவரும், பெயர் கேட்கும் கட்டியக்காரரும் இப்பெயருக்குள் இயல்பாக அடங்குவர். மார்க்சின் கருத்துக்கு 'அந்நியமாதல்' என்பதே நிற்கலாம். இவ்வாறு பிரித்துக்கொண்டால், ஆங்கிலத்தில் கலந்துபோன இரண்டும் செருமானியத்தில் இருந்ததுபோலவே தமிழிலும் தனித்தனியே நிற்கும். சொல்லை உருவாக்கியவர் ஏறத்தாழ 1936இல் செய்த திருத்தத்தைத் தமிழ் காலம் தாழ்ந்தேனும் ஏற்றுக்கொண்டதாகும்.

ஒரு பெயர்மாற்றத்தால் என்ன பயன் என்று வினவுவாரும் உளர். பெயர் பார்வையைத் திருப்பவல்லது. அந்நியமாதல் என்று கற்ற மாணவர் அதனை நூலகத்தில் தேடுவார். அயலாக்கல் என்று கற்பவர் தம் ஊர்க் கோயில் களத்திலும் தேடக்கூடும். அவ்வாறு தேடிச் செல்லும்போது அங்கே கூத்தர் இருத்தல் வேண்டும். இரவு முழுதும் ஆடும் அக்கலைஞருக்குக் கிடைக்கும் ஊதியமும் மதிப்பும் குறைந்துவரும் காலம் இது. தம் கலைக்கு உரிய பெயரைத் தம் மொழி அறிஞரிடமிருந்து பெறாத கலைஞர், மதிப்பையும் எளிதில் பெறுவதில்லை.

கவிஞர்க்கும் இச்சொல் அயலானதன்று. தினமும் கடந்துபோகும் சங்ககிரிக் குன்றும், தறியோசையும், மரவள்ளிக் காடும், வறண்ட திருமணிமுத்தாறும் பழக்கத்தால் கண்ணில் படாதவை ஆகிவிட்டன. அவற்றை அசலூரார் ஒருவர் முதன்முறை காண்பதுபோலக் கண்டு, ஏன் இவ்வாறாயிற்று என்று வினவச் செய்யும் கவிதை, கட்டியக்காரரின் பணியையே செய்கிறது. அவர் அரசனைப் பார்த்துக் கேட்கும் முதல் வினா மிக எளியது: வந்திருப்பவர் யார்? நன்கு தெரிந்த ஒருவரை நோக்கி அவ்வினாவை எழுப்பும் துணிவைத்தான் அந்தச் செருமானியச் சொல் குறித்தது.